வாயில்லா ஜீவனும் வசதியில்லார் வீடும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

எங்கள் முஹல்லாவில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் அவருக்கு அரிசியும் சிறு தொகையும் வழங்கப்பட்டு வந்தன. அவர் வீட்டில் இரண்டு பூனைகள் உண்டு. கணவர் உயிரோடிருந்தபோது குட்டிகளாகக் கொண்டு வந்து வளர்த்தவை. ஒரு நாள் கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நாம் கொடுக்கும் அரிசியைப் பொங்கி அவர் பூனைக்குப் போடுகிறார். ஸதகாப் பொருள் பூனைக்கா?" என்று கேட்டார். "தனக்கே வழியில்லாதவருக்குப் பூனை எதற்கு?" என்றார் இன்னொருவர். அந்த மாதம் அரிசி நிறுத்தப்பட்டது. அக்கூட்டத்தில் நானும் இருந்தேன். மஸ்அலா ஓதியவன் என்ற முறையில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

நான்கு நாள் கழித்து, அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது அந்த அம்மையார் பள்ளிவாசல் வாயிலில் நின்றிருந்தார். "ஆலிம்சா, பூனைய விட்டுட்டா அரிசி தருவாங்களாம். சாக்குல போட்டு மீன் மார்க்கெட்டுல விட்டுட்டு வரச் சொல்றாங்க. அப்படி விட்டா நாளைக்கு அல்லாஹ் என்னையக் கேக்க மாட்டானா?" என்றார்.

"விட வேண்டாம் உம்மா. நான் கமிட்டியில் பேசுகிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அன்றிரவு கிதாபுகளைப் புரட்டியபோது ஒன்று மனத்தில் தைத்தது. அல்லாஹ் கேட்பான் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவன் முதலில் கேட்கப் போவது அந்த அம்மையாரையா? அரிசியை நிறுத்திய நம்மையா? இதற்கு ஷரீஅத் தரும் விடையை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடையவர் மீதுள்ள கடமை

பூமியில் ஊரும் பிராணிகளும் இறக்கைகளால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தைத் திருக்குர்ஆன் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தில் உரைக்கிறது. பூமியிலுள்ள எந்த உயிருக்கும் உணவளிக்கும் பொறுப்பு அல்லாஹ்வுடையதே என்று ஹூது அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கூறுகிறது. ஆயினும் அவ்வுணவு பல வேளைகளில் மனிதன் கைவழியாகவே வந்து சேர்கிறது. கட்டி வைத்த ஆட்டுக்கும் கூண்டில் அடைத்த பறவைக்கும் தானே இரை தேடும் வழியை நாம் அடைத்து விட்டோம். அடைத்தவன் மீது அதன் பசி கடனாக ஏறிவிடுகிறது.

பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரக வேதனைக்கு ஆளானாள் என்ற செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களும் பதிவு செய்துள்ளன. அவள் குற்றத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எப்படி விளக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். அவள் அதற்குத் தீனியும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தானே தேடித் தின்னும்படி அவிழ்த்து விடவும் இல்லை.

மதீனாவில் ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்திற்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அதன் காதோரம் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தியபின், இதன் உரிமையாளர் யார் என்று வினவினார்கள். ஓர் அன்ஸாரி இளைஞர் முன்வந்தார். அல்லாஹ் உமக்கு உடைமையாக்கிய இந்தப் பிராணி விஷயத்தில் நீர் அவனை அஞ்ச வேண்டாமா, நீர் பட்டினி போட்டு வேலை வாங்கி வதைப்பதாக இது முறையிடுகிறதே என்று அவரைக் கண்டித்தார்கள். அபூதாவூதில் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அறிவிக்கும் செய்தி இது.

இந்த நபிமொழிகளை அடிப்படையாகக் கொண்டு ஃபுகஹாக்கள் சட்டம் வகுத்தனர். மலபாரின் பொன்னானியில் வாழ்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ஃபத்ஹுல் முஈன், நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் ஓதப்படும் கிதாபு. அதன் நஃபகா பாடத்தில், மனைவி மக்களுக்குச் செய்ய வேண்டிய செலவைப் பேசிய கையோடு, வளர்ப்புப் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவர் மீது வாஜிபு என்று எழுதப்பட்டுள்ளது. கொடுக்க மறுப்பவரை ஹாகிம் நிர்ப்பந்திக்க வேண்டும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், குட்டிக்குத் தீங்கு நேரும் அளவுக்குத் தாயிடம் பால் கறக்கலாகாது என்கிறது. தேனீ வளர்ப்பவர் அவற்றின் தேவைக்குரிய தேனைக் கூட்டிலேயே விட்டு வைக்க வேண்டும் என்பதுவரை நம் கிதாபுகளில் மஸ்அலா உண்டு.

ஹனஃபீ மத்ஹபின் நிலையையும் அறிந்து கொள்வோம். பிராணிக்குச் செலவிடுவது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கடமை. அதற்காக வழக்காட பிராணிக்கு வாயில்லாததால் நீதிபதி நிர்ப்பந்திக்க மாட்டார் என்பது அம்மத்ஹபின் பிரபலமான கூற்று. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, நீதிபதி நிர்ப்பந்திப்பார் என்றார்கள். ஹிதாயாவில் இரண்டையும் காணலாம். உலக நீதிமன்றத்தைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. மறுமை நீதிமன்றத்தைப் பற்றி இருவரிடையேயும் வேறுபாடில்லை.

பலன் தராத பிராணியைப் பற்றியும் கேட்கலாம். கிழட்டுப் பூனையால் என்ன பயன்? ஹிஜ்ரி 660ல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், தம் கவாயிதுல் அஹ்காமில் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, முடமாகியோ நோயுற்றோ எந்தப் பயனும் தராத நிலையை அடைந்தாலும் அதற்குரிய செலவைச் செய்தாக வேண்டும் என்று முதலிலேயே எழுதி விட்டார்கள்.

உடையவரிடமே இல்லையெனில்?

இதுவரை சொன்னவை வசதியுள்ளவருக்குரிய சட்டம். அந்த அன்ஸாரி இளைஞருக்குத் தோட்டம் இருந்தது, ஆகவே கண்டிக்கப்பட்டார். தோட்டமும் இல்லை, கூலியும் இல்லை என்றால்?

கண்ணியத்திற்குரிய வாசகர்கள் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டுகிறேன். உடையவர் வறியவர் என்பதற்காகப் பிராணியின் உரிமை தள்ளுபடி ஆகிவிடும் என்று நம் இமாம்கள் எழுதவில்லை. மின்ஹாஜின் விரிவுரையாளர்கள் படிப்படியாக வழி சொல்கிறார்கள். உடையவருக்கு வேறு பொருள் இருந்தால் அதிலிருந்து செலவிட வேண்டும். இல்லையெனில் அப்பிராணியை வாடகைக்கு விட்டோ விற்றோ அதன் தேவை நிறைவேற்றப்பட வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் பொறுப்பு பைத்துல்மாலுக்கு மாறுகிறது. பைத்துல்மாலிலும் இல்லையெனில் வசதி படைத்த முஸ்லிம்கள் மீது வந்து நிற்கிறது.

ஆக, ஏழையின் பிராணி பசித்தால் கடைசியில் பொறுப்பாளி ஊர்தான். இதை நாம் தயவு, தாராளம், இளகிய மனம் என்றெல்லாம் பேசிக் கொண்டிருக்கிறோம். கிதாபோ கடமை என்கிறது. நம் முஹல்லாக்களில் உள்ள பைத்துல்மால் அக்கால அரசின் கருவூலம் அன்று என்பது உண்மையே. ஆயினும் வசதியுள்ள முஸ்லிம்கள் கூடி வைத்த நிதி அல்லவா? வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் அவர்கள்தானே! அந்த அம்மையாரின் அரிசியை நிறுத்தியவர்கள், தங்கள் தலைமீதிருந்த கடனை இறக்கி, ஒரு விதவையின் தலைமீது வைத்து விட்டார்கள்.

"மனிதனுக்கே இல்லாதபோது பூனைக்கா?" என்று கேட்பவருக்கும் விடை சொல்ல வேண்டும். பசித்த மனிதனும் பசித்த பூனையும் ஒரே பிடிச் சோற்றுக்கு எதிரெதிராக நின்றால் மனிதனே முதல். இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் நம் ஊர்களில் அப்படியொரு நிலை எத்தனை முறை வந்திருக்கிறது? வலீமா விருந்துக்குப் பின் சட்டி சட்டியாகச் சோற்றைக் குழியில் கொட்டுகிறோம். அப்போது எழாத இக்கேள்வி, ஏழை வீட்டுப் பூனையைக் கண்டதும் எழுகிறதென்றால், கேட்பது நியாயமா அல்லது கஞ்சத்தனமா என்று நம் நெஞ்சையே கேட்டுக் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் சிறு பிள்ளை. அவர் ஒரு சின்னஞ்சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார். அது இறந்து விட்டது. பிள்ளை வாடியிருப்பதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அபூஉமைரே, உம் குருவி என்னவாயிற்று என்று பெயர் சொல்லி, கனிவோடு விசாரித்தார்கள். இரு ஸஹீஹ் கிரந்தங்களிலும் உள்ள செய்தி இது. சமுதாயத்தின் சுமை முழுவதையும் தோளில் தாங்கிய தலைவர், ஒரு குழந்தையின் குருவிக்காக நின்று துக்கம் விசாரித்திருக்கிறார்கள். குருவிக்கு மட்டுமல்ல, அதை நேசித்த உள்ளத்திற்கும் மதிப்பளித்தார்கள். கணவரும் இல்லாமல் பிள்ளைகளும் அருகில் இல்லாமல், இரவில் காலடியில் வந்து படுக்கும் இரண்டு பூனைகளே துணையென்று வாழும் ஒரு கிழவியிடம், அதை விட்டுவிட்டு வந்தால்தான் அரிசி என்பது எந்த சுன்னத்?

கெய்ரோவின் பூனைத் தோட்டம்

பிராணிகளின் பசியைத் தனி மனிதர் இரக்கத்திற்கு விட்டுவிடாமல் அறக்கட்டளையாக்கியவர்கள் நம் முன்னோர். எகிப்தையும் ஷாமையும் 1260 முதல் 1277 வரை ஆண்ட மம்லூக் சுல்தான் ளாஹிர் பைபர்ஸ், கெய்ரோ நகரின் வடக்கே தாம் கட்டிய பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்கென விட்டுச் சென்றார். கைத்துல் குத்தா, அதாவது பூனைத் தோட்டம் என்றே மக்கள் அதை அழைத்தனர்.

பல நூற்றாண்டுகள் கழித்து கெய்ரோவில் தங்கியிருந்த எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கில அறிஞர், 1836ல் வெளியிட்ட தம் நூலில் அதன் பிற்கால நிலையை விவரித்துள்ளார். தோட்டம் பலமுறை கைமாறிப் பூனைகளின் பங்காக ஆண்டுக்கு வெறும் 15 பியாஸ்தர் மட்டுமே எஞ்சியிருந்தது. வக்ஃபுகளுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் காஜியே மீதிச் செலவை ஏற்க வேண்டியதாயிற்று. தினமும் அஸர் நேரத்தில் காஜியின் நீதிமன்ற முற்றத்திற்குக் குடல் முதலிய கழிவு இறைச்சி கொண்டு வரப்படும். நகரத்துப் பூனைகள் திரண்டு வந்து உண்ணும். பூனையை வைத்துக்கொள்ள விரும்பாதவர்கள் அதைக் கொண்டு வந்து அம்முற்றத்தில் விட்டுவிடுவார்களாம்!

இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, வருமானம் பாதுகாக்கப்படாத வக்ஃபு பெயரளவில் தேய்ந்து விடும். சுல்தான் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 2023ல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. தோட்டம் போய்விட்டது. இரண்டாவது, வக்ஃபின் வருமானம் தேய்ந்தபோதும் காஜி தம் பொறுப்பு தேய்ந்ததாக எண்ணவில்லை. மூன்றாவது, நெருக்கடியில் மனிதர்கள் பிராணியைக் கைவிடத்தான் செய்வார்கள். அன்று கெய்ரோவில் காஜியின் முற்றம் என்றால் இன்று நம்மூரில் மீன் மார்க்கெட். ஒரே வேறுபாடு, காஜியின் முற்றத்தில் உணவு இருந்தது.

அதே நகரில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி

அதே கெய்ரோவில் 20ஆம் நூற்றாண்டில் நடந்ததையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பிரிட்டிஷ் படையினர் போர் முடிந்ததும் எகிப்திலேயே விற்று விட்டனர். அவை கல்லும் மண்ணும் இழுக்கும் வண்டிகளில் பூட்டப்பட்டு எலும்பும் தோலுமாயின. 1930ல் தம் இராணுவக் கணவரோடு கெய்ரோ வந்த டோரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி இதைக் கண்டு, 1931ல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். வந்த நன்கொடையைக் கொண்டு ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை பிழைக்க வைக்க முடியாத நிலையில் இருந்தன. 1934ல் கெய்ரோவிலேயே ஒரு குதிரை மருத்துவமனையை நிறுவினார்.

இதில் நாம் கற்க வேண்டியது அந்தப் பெண்மணி குதிரைக்காரர்களை நடத்திய விதம். அவர்களைக் கொடியவர்கள் என்று தூற்றி அவர் குதிரைகளைப் பறித்துச் செல்லவில்லை. அவர்களே பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாத ஏழைகள் என்பதைப் புரிந்து கொண்டு, விலை கொடுத்து வாங்கினார். அவர் நிறுவிய மருத்துவமனை, ஏழைகளின் குதிரைக்கும் கழுதைக்கும் இலவசமாக மருத்துவம் செய்தது. அவர் தொடங்கிய பணி இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் நடைபெறுகிறது.

இதைப் படிக்கும்போது நமக்கு வெட்கம் வர வேண்டும். பொறாமை வரக் கூடாது. பூனைக்குத் தோட்டம் எழுதி வைத்த நகரில், குதிரைக்கு மருத்துவமனை கட்ட வெளியூரிலிருந்து ஒருவர் வர வேண்டியதாயிற்று. தோட்டத்தை நாம் இழந்ததால் அல்லவா இந்த நிலை? நற்செயல் எங்கிருந்தாலும் அது முஃமின் தவறவிட்ட பொருள் என்று கருதி எடுத்துக் கொள்வதே நமக்கு அழகு.

ஜகாத்தா? ஸதகாவா?

இனி, பைத்துல்மால் பொறுப்பாளர்கள் கேட்கும் மஸ்அலாவுக்கு வருவோம்.

ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுத்து விட்டது. அதில் பிராணிகள் இடம் பெறவில்லை. ஆகவே ஜகாத் பணத்தில் நேரடியாகத் தீனி வாங்கிப் பிராணிகளுக்குப் போட்டால் ஜகாத் நிறைவேறாது. ஃபித்ரா, நோன்பின் ஃபித்யா, கஃப்பாரா ஆகியவையும் அப்படியே. ஆனால் வறியவர் ஒருவர் கையில் ஜகாத்தைக் கொடுத்த அக்கணமே அது அவருடைய சொந்தப் பொருளாகி விடுகிறது. அதில் அவர் தம் பூனைக்கு மீன் வாங்கலாம். ஆட்டுக்குத் தவிடு வாங்கலாம். கணக்குக் கேட்க நமக்கு உரிமையில்லை. பூனை வளர்ப்பதால் ஒருவர் ஃபகீர், மிஸ்கீன் என்ற நிலையிலிருந்து நீங்கி விடுவதுமில்லை. எங்கள் கமிட்டியில் எழுந்த கேள்விக்கு இதுவே விடை. ஸதகா பூனைக்குப் போகவில்லை. அந்த அம்மையாருக்குப் போயிற்று. அவர் தம் பொருளிலிருந்து தம் கடமையை நிறைவேற்றினார்.

சாதாரண ஸதகாவுக்கு இந்த வரையறை இல்லை. மரம் நட்டவருக்கு அதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்பதெல்லாம் ஸதகாவாகும் என்று நபிமொழி இருப்பதால், பிராணிகளுக்கென்றே ஸதகா கொடுக்கலாம். அதற்கென ஒரு பெட்டியும் வைக்கலாம். எந்த நோக்கத்திற்கென்று வாங்கினோமோ அதற்கே செலவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வக்ஃபு விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில், ஒருவருக்குச் சொந்தமான பிராணிக்கென்று பொதுவாக வக்ஃபு செய்தால் அது செல்லாது. பிராணி எதற்கும் உரிமையாளராக ஆக முடியாது. அதன் உடையவரை நாடி வக்ஃபு செய்தால் செல்லும். மக்காவின் புறாக்களுக்குச் செய்யும் வக்ஃபு செல்லுபடியாகும் என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் விதிவிலக்களித்துள்ளார்கள். இதிலுள்ள கருத்தைச் சிந்திக்க வேண்டும். வளர்ப்புப் பிராணிக்கு உதவும் நேர்வழி, அதை வளர்ப்பவரின் கையைப் பலப்படுத்துவதே. பிராணியைப் பிரித்தெடுத்துக் காப்பாற்றி, மனிதரை அழவிடுவது ஷரீஅத்தின் வழியன்று. மனிதருக்குக் கொடுத்து, பிராணியைக் கைவிடச் சொல்வதும் அதன் வழியன்று.

நாயின் விஷயம்

நாயைப் பற்றிச் சிலர் கேட்பர். வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் பயிர்க் காவலுக்குமன்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்பது ஸஹீஹான ஹதீஸ். அதன் எச்சில் நஜீஸ் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின் முடிவு. இவற்றில் தளர்வு சொல்ல நான் வரவில்லை. ஆனால் நஜீஸ் என்பது தொடுவதற்குரிய சட்டம். பட்டினி போடுவதற்கு அனுமதிச் சீட்டு அன்று. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் தண்ணீர் முகந்து, அதை வாயில் கவ்வியபடி ஏறி வந்து புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. பிராணிகளுக்குச் செய்வதிலும் கூலி உண்டா என்று தோழர்கள் வினவியபோது, ஈரமுள்ள ஈரலையுடைய ஒவ்வோர் உயிர் விஷயத்திலும் கூலி உண்டு என்று விடை வந்தது.

அன்றாட வணக்கத்திலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. கையிலிருக்கும் தண்ணீர் ஒளூவுக்கு மட்டுமே போதும்; அருகில் தாகித்த ஓர் உயிர் நிற்கிறது. வெறிநாய் போன்று கொல்ல அனுமதிக்கப்பட்டதாக அது இல்லையெனில், தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும் என்பது நம் தஹாரத் பாடத்திலேயே உள்ள மஸ்அலா. தொழுகையின் தண்ணீரையே விட்டுக் கொடுக்கச் சொன்ன மார்க்கம், விருந்தின் மிச்சத்தைத் தடுக்குமா? ஆகவே தோட்டக் காவலுக்கோ ஆட்டுக் காவலுக்கோ நாய் வைத்திருக்கும் ஏழைக்கும் அதன் தீனியிலும் தடுப்பூசியிலும் உதவலாம். தடுப்பூசி அவர் பிள்ளைகளையும் நம் பிள்ளைகளையும் சேர்த்தே காக்கிறது.

முஹல்லாக்கள் செய்யத்தக்கவை

பெரிய நிதி வேண்டியதில்லை. கவனம் இருந்தால் போதும்.

ஒன்று: பைத்துல்மால் உதவிக்கு மனு எழுதும்போது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதோடு, ஆடு, மாடு, கோழி, பூனை ஏதும் உண்டா என்றும் ஒரு வரி கேட்டுக் கொள்ளலாம். உதவியைக் குறைக்க அன்று, கூட்டிக் கொடுக்க.

இரண்டு: மீன் கடையிலும் இறைச்சிக் கடையிலும் தலை, செதில், கழிவு தினமும் வீணாகிறது. வாலிபர் ஒருவர் பொறுப்பேற்றால் தேவையுள்ள இரண்டு மூன்று வீடுகளுக்குச் சேர்த்து விடலாம். வலீமா விருந்திலும் குர்பானி நாட்களிலும் இதே ஏற்பாடு செய்யலாம். ஏழைகளின் பங்கான இறைச்சி ஏழைகளுக்கே சேர வேண்டும். எஞ்சும் கழிவைச் சொல்கிறேன்.

மூன்று: ஏழைப் பெண் வளர்க்கும் ஆடு அவளுக்குப் பாங்கியில் போட்ட பணம் போன்றது. அது நோயுற்றால் அரசு கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்ல வண்டிக் கூலி கொடுங்கள். ஜூலை 6ஆம் நாளையொட்டி ஆண்டுதோறும் பல ஊர்களில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. அதைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடுவதற்குச் செலவே இல்லை.

நான்கு: தனித்து வாழ்பவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் நோய் விசாரிக்கச் செல்கிறோம். அவர் கூண்டிலுள்ள பறவைக்கு இரை வைத்தது யார் என்றும் விசாரிப்போம். வீட்டுச் சாவியை வாங்கி இரண்டு வேளை தண்ணீர் வைப்பது, நோயாளிக்கு மருந்தைவிட ஆறுதல் தரும்.

ஐந்து: எவ்வளவு உதவியும் போதாமல் ஒருவரால் வளர்க்க இயலாமலே போனால், வசதியுள்ள இன்னொரு வீட்டைத் தேடிக் கொடுப்பது ஜமாஅத்தின் வேலை. சாக்கில் கட்டி அறியாத இடத்தில் விட்டு வருவதை மட்டும் யாருக்கும் யோசனையாகச் சொல்லாதீர்கள். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பூனைக்கு மார்க்கெட்டில் இரை தேடத் தெரியாது. அங்குள்ள பூனைகள் விடவும் மாட்டா.

முடிவாக ஒரு சொல். அடுத்த கூட்டத்தில் கிதாபைக் கையில் வைத்துக் கொண்டு இந்த மஸ்அலாவை வாசித்தேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அரிசியை நிறுத்தச் சொன்ன அன்பரே எழுந்து, நின்ற மாதத்து அரிசியையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்றார். மீன் கடை வைத்திருக்கும் சகோதரர் தினமும் ஒரு பொட்டலம் தருவதாகச் சொன்னார். அல்லாஹ் அவ்விருவருக்கும் நற்கூலி வழங்குவானாக. தெரிந்த மஸ்அலாவை முதல் கூட்டத்திலேயே சொல்லாமல் வாய் மூடியிருந்த என் குற்றத்தையும் அவன் மன்னிப்பானாக.

பூனை உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் ஜீவன் என்றார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அந்த நபிமொழியை எடுத்துரைத்த அபூகதாதா (ரலி) அவர்கள், தம் ஒளூவுக்கு மருமகள் ஊற்றி வைத்த தண்ணீரைப் பூனை நாடி வந்தபோது, அது குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்துக் கொண்டிருந்தார்கள். நம் ஊரின் பாத்திரங்கள் இன்று நிறைந்தே இருக்கின்றன. சாய்த்துப் பிடிக்கும் கைகளை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.